ஃபியூஸைப் பார்த்து கார் ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸைச் சொல்லிவிட முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

டிக்கிவாசி:
சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நண்பருக்காக நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர் பார்க்கப் போயிருந்தோம். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 2500 வாட்ஸ். பக்கவாட்டில் செருகியிருந்ததோ ஒரே ஒரு பச்சை பிளேடு ஃபியூஸ், 30 ஆம்பியர். "வண்டி ஓடும்போது 14 வோல்ட் வந்தாலும் உள்ளே போவதே 420 வாட்ஸ்தானே, வெளியே 2500 எப்படி வரும்?" என்றேன். "அது பீக் பவர் சார்" என்றார் கடைக்காரர், அதாவது ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சமாம். அதுவும் கிளாஸ் ஏபி வகை சர்க்யூட். உள்ளே போவதில் ஏறக்குறைய பாதி ஹீட் சிங்கைச் சூடாக்கவே சரியாகிவிடும். நாலு சேனலுக்கும் சேர்த்து 200 சொச்சம் என்று கணக்குப் போட்டுவிட்டு நடையைக் கட்டினோம். இப்போதெல்லாம் பெட்டியை விட்டுவிட்டு ஃபியூஸைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மல்டிமீட்டர்:
பொய்யைப் பிடிக்க அது போதும் அண்ணா. உண்மையான பவரைச் சொல்ல ஆகாது. நான் சோதித்த ஒரு கிளாஸ் டி (குறைவாகச் சூடாகும் வகை) மோனோபிளாக்கில், அதாவது ஒரே சேனல் ஆம்ப்ளிஃபயரில், 40 ஆம்பியர் ஃபியூஸ் மூன்று. உள்ளே போவதில் 80 சதவீதம் வெளியே வருகிறது என்று வைத்தால் உங்கள் கணக்கில் 1300 வாட்ஸைத் தாண்டும். ஸ்பீக்கருக்குப் பதில் 4 ஓம் டம்மி லோடு (ரெசிஸ்டர்) மாட்டி 50 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்தேன். ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) அலையின் தலை தட்டையாவதற்கு முன் கிடைத்தது 38 வோல்ட், அதாவது 360 வாட்ஸ் பக்கம். அவ்வளவு பெரிய ஃபியூஸ் 1 ஓமில் ஓட்டுகிறவர்களுக்காக, ஓம் குறைந்தால் இழுக்கும் கரண்ட் கூடும். இன்னொன்று, 30 ஆம்பியர் ஃபியூஸ் 31-ல் பட்டென்று போய்விடாது. 40 ஆம்பியரைக்கூடச் சில நிமிஷம் தாங்கலாம். பாட்டில் பேஸ் அடிக்கும் அந்த நொடியை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. எனக்கு நம்பிக்கை சிஇஏ-2006 (கார் ஆம்ப்ளிஃபயர் பவரை அளக்கும் தர விதி) முறையில் அளந்த எண்தான்: 14.4 வோல்ட், 4 ஓம், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள்.

ரெட்டை வூஃபர்:
செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதையும் கவனியுங்கள். எனக்கு வந்த ஒன்றில் 40 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தன. "பவர்ஃபுல் பீஸ் தம்பி" என்றார் விற்றவர். அடிமூடியைக் கழற்றினால் ஹோல்டர் பக்கத்தில் போர்டிலேயே 25 என்று அச்சடித்திருக்கிறது, பிளாஸ்டிக்கும் லேசாக உருகியிருக்கிறது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று யாரோ பெரிசாகப் போட்டுவிட்டார்கள் போல. அதனால் ஒரு வாட் கூடுமா என்ன? ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்கு முன்னால் போர்டு கருகும். ஹோல்டரை மாற்றி 25-ஐயே போட்டேன், சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.