புதுப்பிப்பு: தையல் இயந்திரத்துக்கு நானே செய்த நீட்டிப்புப் பலகை

ஃபால்ஸ் தைக்கும்போது சேலை மேசை விளிம்பில் தொங்கித் தையலைக் கோணலாக இழுக்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். என் சிறிய மின்சார இயந்திரத்தைச் சுற்றி, அதன் தையல் தளத்துக்குச் சமமான உயரத்தில் ஒரு பலகை செய்யப் போவதாகவும் சொல்லியிருந்தேன். செய்துவிட்டேன்.

12 மி.மீ. பிளைவுட், 60க்கு 45 செ.மீ. இயந்திரத்தின் அடிப்பகுதியை அட்டையில் வரைந்து, வெட்டி, பொருத்திப் பார்த்த பிறகுதான் ரம்பத்தைத் தொட்டேன். அப்படியும் பாபின் மூடியை மறந்துபோனேன்! அடிநூல் தீரும்போதெல்லாம் பலகையையே கழற்ற வேண்டியிருந்தது. பிறகு அந்த இடத்தில் கை நுழையும் அளவுக்குக் குடைந்தேன்.

கால்களுக்கு பிவிசி குழாய். உயரம் அளந்தபோது மேலே ஒட்டும் மைக்காவைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1 மி.மீ. தான், ஆனால் ஊசியைத் தாண்டிய துணி பின்பக்கப் படியில் முட்டிச் சுருண்டது. குழாய் முனைகளை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

நேற்று ஒரு சுங்குடிச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தேன். துணி வழுக்கிக்கொண்டு போனது, தையல் நேராக விழுந்தது. அதிர்வுச் சத்தம்தான் அதிகம். நாற்காலிக் கால் ரப்பர் மாட்டலாம் என்றால், அதற்கும் குழாயை மறுபடி குறைக்க வேண்டும்.