ஜேம்ஸ் வோர்ம்லி: 1877 பேச்சுவார்த்தை நடந்த ஹோட்டலோட ஓனர் கறுப்பினத்தவரா?

தாழம்பூ கேட்டது:
அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அப்புறம் நடந்ததை படிச்சிட்டிருக்கேன். 1876 ஜனாதிபதி எலெக்ஷன்ல குடியரசுக் கட்சி ஹேய்ஸா ஜனநாயகக் கட்சி டில்டனான்னு இழுபறி, கடைசில 1877 பிப்ரவரி 26 வாஷிங்டன்ல வோர்ம்லி ஹோட்டல்ல ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, ஹேய்ஸே ஜனாதிபதி ஆகட்டும்னு தென் மாநில ஜனநாயகக் கட்சிக்காரங்க விட்டுக்கொடுத்தாங்க, பதிலுக்கு அந்த மாநிலங்கள்ல கறுப்பினத்தவர் உரிமைக்கு காவலா இருந்த மத்திய அரசுப் படையை விலக்கிட்டாங்கன்னு வருது. அந்த ஹோட்டல் ஓனரே கறுப்பினத்தவர்னு பார்த்ததும் ஆடிப்போயிட்டேன். அந்தக் காலத்துல எப்படி முடிஞ்சுது? பேச்சுல அவருக்கும் பங்கு உண்டா?

கரிசல்காடு:
பங்கு இருந்ததா எங்கயும் படிச்சதில்ல. ஹேய்ஸ் பக்க வக்கீல் எவர்ட்ஸ் அங்க ரூம் எடுத்திருந்தாரு, அங்கதான் கூடினாங்க. பேரம் அதுக்கு முன்னாடியே பல வாரமா ஓடிக்கிட்டிருந்தது, அந்த ராத்திரி முடிச்சு போட்டது மட்டும்தான்.

எப்படி முடிஞ்சுதுன்னு கேட்டீங்கல்ல, அதுதான் பெரிய கதை. 1819ல வாஷிங்டன்லயே பொறந்தவர், அப்பா அம்மா ரெண்டு பேரும் அடிமையா இல்லாதவங்க, அப்பா வாடகைக் குதிரைவண்டி தொழில் வச்சிருந்தாரு, இவரும் முதல்ல வண்டிதான் ஓட்டினாரு. 1835ல அந்த ஊர்ல பெவர்லி ஸ்னோன்னு ஒரு கறுப்பினத்தவரோட ரெஸ்டாரன்டை வெள்ளைக்கார கும்பல் அடிச்சு நொறுக்கிச்சு, அடுத்த வருஷமே வண்டி ஓட்டுறது மாதிரி சிலதை தவிர வேற தொழிலுக்கு கறுப்பினத்தவருக்கு லைசென்ஸ் கிடையாதுன்னு உத்தரவு. பதினாறு பதினேழு வயசுல இதெல்லாம் கண்ணால பார்த்தவர், அதே ஊர்லயே சாப்பாட்டுத் தொழில்ல இறங்கினாருன்னா அந்த நெஞ்சுரத்தை என்னன்னு சொல்றது!

தாழம்பூ:
அண்ணா இது எதுவும் எனக்கு தெரியாது, ரொம்ப நன்றி. நேரா ஹோட்டலுக்கு வந்துட்டாரா?

கரிசல்காடு:
இல்லம்மா. மிசிசிப்பி ஆத்து ஸ்டீமர்ல ஸ்டீவர்டு (சாப்பாடு, உபசரிப்பு பார்த்துக்கறவர்), 1849ல தங்கம் தேடி கலிஃபோர்னியா, திரும்பி வந்து வாஷிங்டன்ல கிளப் ஸ்டீவர்டு, அப்புறம் ஐ ஸ்ட்ரீட்ல சொந்தமா கேட்டரிங். வாஷிங்டன்ல அடிமை முறை ஒழிஞ்சதே 1862லதான், அதுக்கு முன்னாடியே இந்த கேட்டரிங் நடந்துச்சுங்கறதை கவனிங்க. ஆமைக்கறிக்கு பேர் போனவர், 1868ல ரெவர்டி ஜான்சன் பிரிட்டனுக்கு தூதரா போனப்ப சாப்பாடு பார்த்துக்க இவரை கூட்டிட்டு போனாரு. 1871ல 15வது தெருவும் எச் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற இடத்துல ஹோட்டல் திறந்தாரு, வெள்ளை மாளிகைக்கு ரொம்ப பக்கம், எம்பிக்களும் வெளிநாட்டு தூதர்களும் தங்குற அளவுக்கு.

மேற்குக்கரை:
ஆனா ஒண்ணு சொல்லணும், அங்க வந்தவங்க பெரும்பாலும் பணக்கார வெள்ளைக்காரங்கதான். சாதாரண கறுப்பினத்தவரால அங்க தங்க முடிஞ்சிருக்காது. அதையும் சேர்த்து பார்த்தாதான் அவரோட நிலைமை புரியும்.

கரிசல்காடு:
உண்மைதான், அதுக்காக தன் ஆளுங்களை மறந்தவர்னு நினைச்சிடக்கூடாது. கறுப்பின பிள்ளைங்களோட பள்ளிக்கு அரசாங்கப் பணம் வேணும்னு போராடினவங்கள்ல இவரும் ஒருத்தர், ஜார்ஜ்டவுன்ல ஒரு ஸ்கூலுக்கே வோர்ம்லி பேர் வச்சாங்க. சம உரிமைக்காக செனட்ல கத்தின சார்லஸ் சம்னர் இவருக்கு நெருங்கின நண்பர். அப்படிப்பட்டவரோட கூரைக்குக் கீழயே அந்த பேரம் முடிஞ்சுதுன்னு நினைச்சா எனக்கு வயிறு எரியுது. அந்த ஏப்ரல்லயே தென் கரோலினா, லூசியானா அரசு கட்டடங்களுக்கு காவலா நின்ன படைங்க போயிடுச்சு.

தாழம்பூ:
ஹோட்டல் இன்னும் இருக்கா?

மேற்குக்கரை:
இல்லை. அவர் 1884ல பாஸ்டன்ல ஆபரேஷனுக்கு அப்புறம் இறந்துட்டாரு, 1906ல கட்டடத்தை இடிச்சிட்டாங்க, இப்ப அந்த இடத்துல பேங்குக்காக கட்டின கட்டடம் நிக்குது.