லிபியா 2011: நேட்டோவின் தினசரிக் கணக்கை எப்படிப் படிப்பது?

நிலா_இதழியல்:
எல்லோருக்கும் வணக்கம். இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பல நாடுகள் சேர்ந்து வான் தாக்குதல் நடத்தும்போது, வெளியே இருக்கும் ஒருவர் அன்றன்றைய செய்தியை வைத்து எவ்வளவு தூரம் புரிந்துகொள்ள முடியும் என்பதுதான் என் ஆய்வுக் கட்டுரை. 2011-ல் கடாஃபி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்த லிபியாவை எடுத்திருக்கிறேன். மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ தினமும் வெளியிட்ட அறிக்கைகளைப் புரட்டினேன். மொத்தம் இத்தனை சார்ட்டி (விமானப் பயணம்), அதில் தாக்குதல் சார்ட்டி இத்தனை, இந்த ஊர்ப் பக்கம் இத்தனை டாங்கி. ஏழு மாதமும் இதே பாட்டு. தூக்கம்தான் வருகிறது. அப்போது இதை விடாமல் பார்த்தவர்கள் யாராவது இங்கே உண்டா?

பழைய ஃபோர்மேன்:
உண்டு அம்மா. நான் ஆய்வாளன் எல்லாம் இல்லை, ஐடிஐ ஃபிட்டர். பெங்காசியில் ஒரு குடியிருப்பு கட்டும் சைட்டில் ஃபோர்மேனாக இருந்தேன். பிப்ரவரியில் சண்டை மூண்டது. மார்ச் தொடக்கத்தில் இந்திய அரசு அமர்த்திய ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பலில் அலெக்சாந்திரியா, அங்கிருந்து விமானத்தில் ஊர். எங்கள் ஸ்டோர்கீப்பர் பெங்காசிக்காரர். குடும்பத்தோடு அங்கேயே இருந்தார். போன் போகவே இல்லை. அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அன்றன்றைய செய்தியை எழுத ஆரம்பித்தேன்.

முதல் நாளே ஒரு பாடம். மார்ச் 19 காலையில் பெங்காசி மேலே ஒரு போர் விமானம் தீப்பிடித்து விழுவதை டிவியில் காட்டினார்கள். கடாஃபி விமானம் ஒழிந்தது என்று வீட்டில் நான் சத்தம் போட்டேன். அப்புறம் தெரிந்தது, அது கிளர்ச்சியாளர்களின் சொந்த மிக்-23. அவர்கள் ஆட்களே தவறாகச் சுட்டுவிட்டார்கள். அன்று மாலை பிரெஞ்சு விமானங்கள் நகருக்கு வெளியே கடாஃபியின் கவச வண்டிகளை அடித்தன, இரவில் அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேலே டொமஹாக் ஏவுகணைகள். இதெல்லாம் உண்மை. ஆனால் காலையில் பட்ட சூட்டில், அன்றிலிருந்து முதலில் வரும் செய்தியைப் பென்சிலில் எழுதுவேன். இரண்டு நாள் கழித்தும் அது நின்றால்தான் பேனா.

முதல் பன்னிரண்டு நாள் கணக்கை நம்பிக் கூட்டாதே. ஒரே வேலைக்கு நாலு பெயர்: அமெரிக்காவுக்கு ஒடிசி டான், பிரான்சுக்கு ஹர்மத்தான், பிரிட்டனுக்கு எல்லமி, கனடாவுக்கு மொபைல். ஆளாளுக்குத் தனித்தனி அறிவிப்பு. ஒரே தாக்குதலை நான் இரண்டு முறை கூட்டியிருக்கிறேன், நோட்டில் அடித்தல் திருத்தல் பார்த்தால் தெரியும். மார்ச் 31-ல்தான் எல்லாம் நேட்டோ கைக்குப் போய், நேப்பிள்ஸில் இருந்த கனடா ஜெனரல் சார்லஸ் புஷார்ட் தலைமையில் ஒரே கணக்காக வர ஆரம்பித்தது.

சார்ட்டி என்றால் ஒரு விமானம் ஒரு முறை போய்த் திரும்புவது, அவ்வளவுதான். பெட்ரோல் ஊற்றப் போனதும் சார்ட்டி, படம் பிடிக்கப் போனதும் சார்ட்டி. 'தாக்குதல் சார்ட்டி' என்றாலும் குண்டு விழுந்தது என்று அர்த்தமில்லை. இலக்கைத் தேடி அடிக்கப் போனது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஆயுதம் போடுவதில்லை என்று அந்த அறிக்கையிலேயே எழுதியிருப்பார்கள். நம் பத்திரிகைகள் அந்த வரியை விட்டுவிட்டு '60 இடங்களில் குண்டுவீச்சு' என்று போட்டன. அக்டோபர் 31-ல் முடிந்தபோது மொத்தம் சுமார் 26,500 சார்ட்டி, அதில் தாக்குதல் 9,700. நாளுக்கு 123, 45 என்று வரும். ஆனால் ஐ.நா. விசாரணை ஆணையம் பிறகு சொன்ன கணக்கில் போட்ட குண்டுகளே 7,600-சொச்சம்தான். ஒரு விமானம் ஒரே பயணத்தில் ஒன்றுக்கு மேலே போடலாம் என்பதையும் சேர்த்துப் பார். எத்தனை விமானம் குண்டோடு போய்க் குண்டோடு திரும்பியிருக்கும்!

எனக்கு உதவியது ஊர்ப் பெயர்கள்தான். பெங்காசியிலிருந்து அஜ்தாபியா 160 கிலோமீட்டர், அதைத் தாண்டி 80 போனால் பிரேகா. அந்த ரோட்டில் சிமெண்ட் லாரியோடு போயிருக்கிறேன். இந்தப் பக்கம் பாலை, அந்தப் பக்கம் கடல், ஒளிய ஒரு மரம் கிடையாது. 'பிரேகா அருகே' என்றே வாரக்கணக்கில் வந்தால் சண்டை அங்கேயே நிற்கிறது, பெங்காசி தப்பித்தது என்று புரிந்துகொள்வேன். ஆகஸ்டில் ஸாவியா சண்டை செய்தியில் அடிபட ஆரம்பித்தது. திரிப்போலிக்கு மேற்கே வெறும் 50 கிலோமீட்டர். இனி அதிக நாள் இல்லை என்று டீக்கடையில் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாரமே திரிப்போலி விழுந்தது. செப்டம்பருக்குப் பிறகு சிர்த், பனி வலித் இரண்டும்தான் மாறி மாறி.

இன்னொன்று, எல்லா நாடும் ஒரே மாதிரி வரவில்லை. நேட்டோவிலேயே இருக்கும் ஜெர்மனி, இந்தியாவோடு சேர்ந்து ஐ.நா.வில் லிபியா தீர்மானத்துக்கு வாக்களிக்காமல் ஒதுங்கியது. தன் ஆட்களை அவாக்ஸ் என்ற ராடார் கண்காணிப்பு விமானத்திலிருந்துகூட இறக்கிக்கொண்டது. அப்போது நேட்டோவில் இல்லாத ஸ்வீடன் கிரிப்பன் போர் விமானங்களை அனுப்பியது, பெரும்பாலும் படம் பிடிக்க. அவை சிசிலியில் சிகொனெல்லா தளத்தில் இறங்கிய பிறகு பார்த்தால் அங்கே இருப்பது அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள், கிரிப்பனுக்கு வேண்டியது வேறு. ஸ்டோர் சரக்கோடு மல்லுக்கட்டிய எனக்கு அன்று ஒரே சிரிப்பு. எங்கள் சைட்டிலும் இப்படித்தான், குழாய் ஒரு அளவில் வரும், கப்ளிங் வேறு அளவில் வரும்.

சிற்றலை:
ஃபோர்மேன் அண்ணன் காகிதத்தில் பார்த்ததை நாங்கள் காதில் கேட்டோம். சிற்றலை கேட்பவர்கள் குழுவில் அப்போது ஒரே பரபரப்பு. ஐரோப்பாவில் இருந்த ஆர்வலர்கள் விமானிகளின் பேச்சையும் விமானம் தன் அடையாளத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் சிக்னலையும் பிடித்து, எந்த டேங்கர் விமானம் எங்கே வட்டமிடுகிறது என்று ட்விட்டரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். போர் விமானம் தன்னை மறைத்துக்கொள்ளும். அதற்கு எரிபொருள் கொடுக்கும் டேங்கர் பெரும்பாலும் மறைக்காது. மத்தியதரைக் கடல் மேலே டேங்கர் சுற்ற ஆரம்பித்தால் எங்கோ வேலை நடக்கிறது என்று பொருள்.

மறக்க முடியாதது 6877 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்காவின் இசி-130ஜே விமானம் அதில் அரபி, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு செய்தது: லிபியக் கப்பல்களே, துறைமுகத்தை விட்டுக் கிளம்பாதீர்கள், கிளம்பினால் தாக்கி அழிக்கப்படுவீர்கள். ஒரு டச்சு ஆர்வலர் பதிவு செய்து இணையத்தில் ஏற்றியதைத்தான் நான் கேட்டேன். என் ரேடியோவில் அந்த அலைவரிசையில் வெறும் இரைச்சல். இருந்தாலும் ஒரு வாரம் ராத்திரி முழுக்கத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம்பாதவன்:
பறந்த கணக்கை நம்பலாம், அழித்த கணக்கை நம்பாதீர்கள். கொசோவோ, 1999, நேட்டோவின் 78 நாள் குண்டுவீச்சு. முடிந்ததும் செர்பிய டாங்கி 120 போச்சு என்றார்கள். செப்டம்பரில் நேட்டோவே ஆய்ந்து 93 என்றது. அதிலும் தரையில் முழுசாகச் சிதைந்து கிடந்ததைக் கண்டு உறுதி செய்தது 26. மேலே இருந்து பார்த்தால் மரத்தில் செய்த பொம்மை டாங்கியும் டாங்கிதான். அண்ணன் பென்சில் பேனா சொன்னார், நான் இந்த அழித்த கணக்கை பென்சிலில்கூட எழுத மாட்டேன்.

நிலா_இதழியல்:
மூவருக்கும் நன்றி. ஃபோர்மேன் ஐயா, ஒரு கேள்வி. பொதுமக்கள் இறந்தது உங்கள் நோட்டில் எந்தப் பத்தியில் வரும்? ஸ்டோர்கீப்பர் என்ன ஆனார்?

பழைய ஃபோர்மேன்:
அதற்குப் பத்தியே இல்லை அம்மா, நேட்டோ பட்டியலில் இருந்தால்தானே நான் போட. ஜூன் 19-ல் திரிப்போலி சூக் அல் ஜுமாவில் ஒரு வீட்டின் மேல் குண்டு விழுந்ததை, ஆயுதக் கோளாறாக இருக்கலாம் என்று நேட்டோ ஒப்புக்கொண்டது. அதை ஓரத்தில் எழுதி வைத்தேன். ஆகஸ்ட் 8-ல் ஸ்லிதன் பக்கம் மாஜெர் கிராமத்தில் குண்டு விழுந்தது. நேட்டோ அது ராணுவத்தார் கூடும் இடம் என்றது, நானும் அப்படியே பேனாவில் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு ஐ.நா. ஆணையம் அங்கே 34 பேர் இறந்தார்கள் என்றது. ஆணையம் பார்த்த 20 தாக்குதலில் ஐந்தில் மட்டும் 60 பொதுமக்கள். பென்சில் பேனா என்று பெரிதாகச் சொன்னேனே, அந்த நாள் என் வழி தோற்ற நாள். நம்பாதவன் தம்பி கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஸ்டோர்கீப்பர் ரம்ஜான் அன்று கூப்பிட்டார். நான் மார்ச் 19 பற்றி ஆவலாகக் கேட்டேன், எத்தனை விமானம், எந்தத் திசை என்று. மனிதர் எதையும் பார்க்கவில்லை. காலையில் டாங்கி ஊருக்குள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிழக்கே அல் பைதா போய்விட்டாராம். பிரெஞ்சுக்காரன் குண்டு போட்டதே அவருக்கு மறுநாள்தான் தெரியும். எனக்கு அவரைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அப்புறம் சிமெண்ட் ஸ்டோர் சாவி எங்கே என்று கேட்டார். அது என் பெட்டியோடு இந்தியா வந்துவிட்டிருந்தது.

நோட்டு வேண்டுமென்றால் படம் எடுத்துப் போடுகிறேன். ஜூலையில் பன்னிரண்டு நாள் இருக்காது, மூத்தவள் கல்யாண வேலை. அந்த நாள்களை நேட்டோ அறிக்கையைப் பார்த்து நீயே நிரப்பிக்கொள்.