கிணற்றடிக் கருவேலத்தில் பாதியில் நிற்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள்: காரணம் என்ன?

கிணற்றடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் கருவேல மரத்தில் ஆண்டுதோறும் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுகின்றன. இவ்வாண்டு தொங்கும் கூடுகளில் ஏறத்தாழப் பாதி, கீழே இறங்கும் குழல் இல்லாமல், அடிப்பக்கம் திறந்தபடியே நிற்கின்றன. அவற்றுள் சில பச்சை மாறிக் காய்ந்தும் விட்டன. பக்கத்து வயலில் சோளத்துக்கு மருந்து தெளித்ததால் குருவிகள் அஞ்சிக் கூட்டைக் கைவிட்டுவிட்டன என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆயினும் மரத்தில் காலை நேரத்து இரைச்சல் சற்றும் குறையவில்லை. கிளை ஒன்று மோட்டார்க் கொட்டகைக்குப் போகும் மின்கம்பியை நெருங்கிவிட்டதால் அதை வெட்ட வேண்டிய தேவையும் இருக்கிறது. கூடுகள் ஏன் இப்படி நிற்கின்றன, கிளையை எப்போது வெட்டலாம் என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பனங்காடு (மறுமொழி):

ஐயா, மருந்துக்கும் பாதிக் கூட்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. தாங்கள் காண்பது கைவிடப்பட்ட வேலை அன்று; பெண் குருவி வந்து பார்ப்பதற்காக வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்ட வேலை. இந்த இனத்தில் கூடு கட்டுவது ஏறக்குறைய முழுவதும் ஆணின் பொறுப்பு. கிளை நுனியில் நாரைச் சுற்றி முடிச்சிட்டு, அதிலிருந்து ஒரு வளையம் அமைத்து, வளையத்தின் மேல் கூரையையும் முட்டை அறையின் சுவரையும் பின்னிக்கொண்டு வந்து, அடிப்பக்கம் திறந்திருக்கும் நிலையில் ஆண் நிறுத்திக்கொள்கிறது. பறவை பார்ப்போர் இதனை ஹெல்மெட் நிலை என்பார்கள். இந்த அளவுக்கு வருவதற்கே எட்டு நாள்கள் வரை ஆகும். அதன் பிறகு ஆண் கூட்டில் தொங்கியபடி இறக்கையை அடித்துக்கொண்டு கூச்சலிடும். தாங்கள் காலையில் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் அதுதான்.

பெண் வந்து உள்ளே புகுந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் ஆண் அறையை மூடி, நுழைவுக் குழலை இறக்கிக் கூட்டை முடிக்கும். முழுக் கூட்டுக்கு ஏறத்தாழ 18 நாள்கள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெண் உள்ளே சில்லறைத் திருத்தங்களைச் செய்துகொண்டு முட்டையிட, ஆணோ அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கப் போய்விடும். ஒரே ஆண் பல கூடுகளையும் பல பெண்களையும் கொள்ளும் இந்த வழக்கத்தை, 1930-இல் மும்பைக்குத் தெற்கே உள்ள கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் நிலையான வேலையின்றித் தங்கியிருந்தபோது பறவையியலாளர் சாலிம் அலி நாள்தோறும் கவனித்து எழுதினார். ஏற்கப்படாத கூடுகள் தொங்கிக் காய்ந்துபோகும். பக்கத்து ஆண்கள் அவற்றிலிருந்து நாரைத் திருடிக்கொள்வதும் உண்டு!

வரப்போரம் (மறுமொழி):

மேலே நண்பர் கூறியது சரி. ஆனால் பெண் எதைப் பார்த்து ஏற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னல் அழகைப் பார்த்து என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். பறவை ஆய்வாளர் சுஹேல் குவாதர் 2006-இல் வெளியிட்ட ஆய்வோ கட்டுமானத்தைவிடக் கூடு அமைந்த இடமே பெண்ணின் தேர்வில் பெரிதும் எடுபடுகிறது என்று காட்டியது. காகமும் பாம்பும் எளிதில் எட்டாத உயரம், முள், கீழே தண்ணீர் ஆகியவை கூடிவரும் மரமே குருவிக்குப் பாதுகாப்பு. தங்கள் கருவேலத்தில் முள்ளும் கிணறும் ஒருசேர இருப்பதால்தான் ஆண்டுதோறும் அங்கேயே வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் பனையிலும் ஈச்சமரத்திலும் கட்டுகின்றன. நெஞ்சில் கருங்கீற்றுகள் உள்ள இன்னோர் இனம் மரத்தை நாடாமல் ஏரிக்கரைச் சம்புப் புல்லில் கட்டும்.

நார் எடுக்கும் விதத்தை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். நெல் தாளின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைத்து, அந்த நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கும் வேகத்தில் இழை நீளவாக்கில் கிழிந்து அலகோடு வந்துவிடும். இழை பச்சையாக இருந்தால்தான் வளைந்து பின்னலுக்கு இணங்கும் என்பதால், மழை பெய்து புல்லும் பயிரும் எழுந்த பிறகே கூடு கட்டும் காலம் தொடங்குகிறது.

மருந்தைப் பற்றிய கவலை வேறு வகையில் நியாயமானது. வளர்ந்த குருவி தானியமும் புல் விதையும் தின்றாலும், குஞ்சுகளுக்குப் புழு, வெட்டுக்கிளி போன்றவற்றையே பெரிதும் ஊட்டுகிறது. ஆகவே மருந்தடித்துப் பூச்சி குறைந்தால் கூட்டுக்கு ஒன்றும் ஆகாது, குஞ்சுக்குத்தான் இரை குறையும்.

கிணற்றடி:

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. காற்றில் விழுந்த ஒரு பாதிக் கூட்டைக் கையிலெடுத்துப் பார்த்தபோது, உள்சுவரில் காய்ந்த களிமண் ஒட்டியிருந்தது. அந்த மண்ணில் மின்மினிப் பூச்சியைப் பதித்துக் குருவி விளக்கேற்றும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டா?

பனங்காடு:

விளக்குக் கதைக்கு இடமில்லை. தூக்கணாங்குருவி பகலில் இயங்கும் பறவை. இரவில் கூட்டுக்குள் அதற்கு வெளிச்சம் தேவைப்படும் வேலை எதுவும் இல்லை. பதித்து வைத்த பூச்சி செத்துப்போனால் ஒளியும் அணைந்துவிடும். மண் பூசுவது மட்டும் உண்மை. கூடு ஹெல்மெட் நிலையில் இருக்கும்போதே ஆண் ஈரக் களிமண்ணைக் கொண்டுவந்து உள்ளே அப்பும், பெண்ணும் பின்னர் சேர்ப்பதுண்டு. எடை கூடினால் கூடு காற்றில் கண்டபடி சுழலாது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இன்னும் குழல் இறங்காத, இலேசான கூட்டில் மண் ஏறுவது அதற்குப் பொருந்தியும் வருகிறது.

வரப்போரம்:

கிளை பற்றிய கேள்விக்கு வருகிறேன். குழல் இறங்கிய கூடு அந்தக் கிளையில் ஒன்றேனும் இருந்தால் இப்போது வெட்ட வேண்டாம். பெண் இரண்டு முதல் நான்கு வெள்ளை முட்டைகள் இட்டு 14 முதல் 17 நாள்கள் அடைகாக்கும்; பொரித்த குஞ்சு வெளியேற மேலும் 17 நாள்கள் அளவில் ஆகும். எல்லாக் கூடுகளும் ஒரே வேளையில் தொடங்குவதில்லை என்பதால், கடைசிக் கூட்டுக்குள் இரை கொண்டு போவது நின்ற பிறகு மின்வாரியத்தாரிடம் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பியை நெருங்கும் நுனியை மட்டும் கழிக்கச் செய்யுங்கள். வரவேற்பறையில் தொங்கவிடப் பழைய கூடுகளைக் கேட்டு வருவோருக்கு உடனே அறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். குருவிகள் போன பின்பு வெண்தொண்டைச் சில்லை அக்கூடுகளில் குடியேறி முட்டையிடுவது வழக்கம்.