கனடாவில் வழக்கு இருக்க கொழும்புக்கு வந்தவர் திரும்பிப் போகலாமா?

வெள்ளவத்தை_வாசி:
சித்தப்பாவின் மகன், எனக்கு அண்ணா முறை, பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) எடுத்து ஸ்காபரோவில் இருந்தவர். மனைவியை அடித்தார் என்று பொலிஸ் வழக்குப் போட்டது. அவருடைய அக்கா பிணை நின்று வெளியே எடுத்தார். ஒன்ராறியோ மாகாணத்தை விட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை இருந்தும் வழக்குத் தவணைக்கு முதல் இங்கே வந்து நிற்கிறார். மூன்று நாலு வருடம் போனால் எல்லாம் ஆறிவிடும், அண்ணியும் கேஸை வாபஸ் வாங்கிவிடுவார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

கொட்டாஞ்சேனை_குமார்:
நான் பெரியவர்கள் பக்கம். அங்கே வீட்டுக்குப் போகாதே, மனைவியோடு கதைக்காதே என்று நிபந்தனை போட்டுவிட்டு மாதக்கணக்கில் இழுப்பார்கள். வேறு பேஸ்மென்ட் வாடகைக்கு எடுத்து, வேலைக்கும் போய், லோயருக்கும் கட்டி, பிள்ளையையும் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பது? இங்கே என்றால் நாலு பெரியவர்கள் இருந்து பேசி முடித்திருப்பார்கள்.

நிலா_பம்பலப்பிட்டி:
குமார் அண்ணா, நிபந்தனை கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் வாபஸ் என்ற கதையை விடுங்கள். கனடாவில் வழக்கை நடத்துவது அரச தரப்புச் சட்டத்தரணி, அண்ணி சாட்சி மட்டும்தான், அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் முடிவு அவர் கையில் இல்லை. பிடியாணைக்குக் காலாவதியும் கிடையாது, எத்தனை வருடம் கழித்துப் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினாலும் திரையில் வரும். தவணைக்குப் போகாதது வேறு தனிக் குற்றம், அதற்கே இரண்டு வருடம் வரை சிறை இருக்கிறது. பி.ஆர். நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் இங்கே நின்றால் வழக்கே இல்லாதவருக்கும் அது போகலாம்.

எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்: முதல் தடவை, பெரிய காயம் இல்லை என்றால் இப்படியான வழக்குகள் பல அங்கே ஆலோசனை வகுப்புகளுக்குப் போய், நன்னடத்தைப் பிணை (ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதி) எழுதிக் கொடுத்து, குற்றத்தீர்ப்பே இல்லாமல் முடிகின்றன. ஓடி வந்தவருக்கு அதை யார் கொடுப்பார்கள்?

வெள்ளவத்தை_வாசி:
ஒரு தடவை அறைந்தது மட்டும்தான் என்கிறார்.

நிலா_பம்பலப்பிட்டி:
அவர் சொல்வதை விடுங்கள், குற்றச்சாட்டுத் தாளை வாங்கிப் பாருங்கள். சாதாரணத் தாக்குதலுக்கு உச்சத் தண்டனை ஐந்து வருடம். கழுத்தை நெரித்ததாகவோ உடலில் காயப்படுத்தியதாகவோ எழுதியிருந்தால் பத்து வருடம். அந்தப் பத்து வருடக் குற்றத்தில் தீர்ப்பானால், கிடைக்கும் தண்டனை சின்னதாக இருந்தாலும் பி.ஆர். பறிபோகலாம்.

தெஹிவளை_தாய்:
அண்ணி எப்படி இருக்கிறார் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லையே தம்பி. பேசி முடிப்பது என்றால் எப்போதும் அவள்தான் வாயை மூட வேண்டியிருக்கிறது. குமார் தம்பி, இங்கேயும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், மீறினால் ஒரு வருடம் வரை சிறை. இன்னொன்று, உங்கள் வீட்டில் யாராவது அண்ணியின் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அழுது குரல்செய்தி அனுப்பி, மகளிடம் சொல்லுங்கள் என்று கேட்டால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். தொடர்பு கொள்ளக்கூடாது என்றால் ஆள் வைத்துக் கதைப்பதும் கூடாது. கணவன் மேல் வழக்கு வந்ததற்காக அவளுடைய பி.ஆர். போகாது. அதைச் சொல்லி யாரும் அவளை வெருட்டவும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_குமார்:
அக்கா, அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது போனால் விமான நிலையத்திலேயே பிடித்து உள்ளே போடுவார்கள். ஒருக்கா ஓடினவனுக்குப் பிணையும் லேசில் கிடைக்காது. என் தம்பி என்றால் அனுப்பமாட்டேன்.

நிலா_பம்பலப்பிட்டி:
பிணை கஷ்டம்தான், அது உண்மை. அதனால்தான் டிக்கெட் போட முதல் அங்கே ஒரு குற்றவியல் லோயரைப் பிடிக்க வேண்டும். அவர் பொலிஸோடு கதைத்துச் சரணடையும் நாளை ஒழுங்குபடுத்தலாம். தானாக வந்தவர் என்பது பிணை கேட்கும்போது உதவலாம். வாசி, அந்த அக்கா எவ்வளவு காசுக்குக் கையெழுத்துப் போட்டார்?

வெள்ளவத்தை_வாசி:
ஐயாயிரம் டொலர். காசு கட்டவில்லை, கையெழுத்து மட்டும்தான், அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்தோம்.

நிலா_பம்பலப்பிட்டி:
அந்தக் கையெழுத்தே கடன்தான். நீதிமன்றம் அதை அவரிடம் அறவிடலாம். அவரும் தனக்கென்று ஒரு லோயரைப் பார்க்கட்டும், இன்றைக்கே அழைத்துச் சொல்லுங்கள்.