தேங்க் யூ ஃபார் லிசனிங் நாவல்: காதல் ஒலிநூலின் இரு குரல்களும் உண்மையிலேயே தனித்தனியாகத்தான் பதிவாகின்றனவா?

நிலாமுற்றம் (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். ஜூலியா வீலன் எழுதி 2022-இல் வெளிவந்த தேங்க் யூ ஃபார் லிசனிங் நாவலை அண்மையில் படித்து முடித்தேன். நடிகையாகும் கனவோடு வளர்ந்த சுவானி செஸ்டர், விபத்தில் ஒரு கண்ணை இழந்த பிறகு ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பவளாகிறாள். காதல் கதைகளை இனி வாசிப்பதில்லை என்று ஒதுங்கியிருக்கும் அவளுக்கு, மறைந்த நாவலாசிரியை ஒருவரின் கடைசிக் கதையை வாசிக்கும் வாய்ப்பு வருகிறது. உடன் வாசிக்கப்போகும் ப்ராக் மெக்நைட்டின் குரலுக்கோ பெரிய ரசிகைக் கூட்டமே இருக்கிறது.

இருவரும் ஓர் அறையில் அமர்ந்து வாசிப்பதே இல்லை. செய்திகள் அனுப்பிக்கொண்டே பழகுகிறார்கள், அந்தப் பழக்கம்தான் காதலாகிறது. என் ஐயம் இதுதான்: ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி ஒலிக்கும் ஒரு காதல் நாவலை, ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே பதிவு செய்ய முடியுமா, அல்லது கதையின் வசதிக்காக ஆசிரியை அப்படி அமைத்துக்கொண்டாரா? இந்த இடம் நம்பும்படியாக இல்லையென்றால் நாவலே நிற்காது என்று எனக்குத் தோன்றுவதால் கேட்கிறேன்.

ஒலிக்கூடம்:

வணக்கம். ஒலிப்பதிவுத் தொகுப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது முற்றிலும் உண்மை. தனித்தனியாகப் பதிவு செய்வதுதான் அங்கே வழக்கம்.

இரு குரல் வாசிப்பில் இரண்டு முறைகள் உண்டு. பரவலாக இருப்பது டூயல் முறை. நாயகியின் பார்வையில் அமைந்த அத்தியாயங்களைப் பெண்ணும், நாயகனின் பார்வையில் அமைந்தவற்றை ஆணும் முழுமையாக வாசிப்பார்கள். அதாவது அவளுடைய அத்தியாயத்தில் அவன் பேசும் வசனங்களையும் அவளே பேச வேண்டும். மற்றொன்று டூயட் முறை. இதில் எந்த அத்தியாயமானாலும் அவன் வசனத்தை அவனும் அவள் வசனத்தை அவளும் பேசுவார்கள். கேட்பதற்கு இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுவது போலத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அதையும் தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு தொகுப்பாளர் வரிக்கு வரி ஒட்டுகிறார். வேலையும் செலவும் கூடுதல் என்பதால் டூயட் முறையைத் துணிந்து எடுப்பவர்கள் குறைவு.

டூயல் முறையில் ஒரே நாயகன் இரண்டு பேர் வாயிலிருந்து ஒலிக்கிறான் என்பதைக் கவனியுங்கள். அவன் நிதானமாகப் பேசுகிறவனா, எந்த ஊர்ச் சாயல் உடையவன், ஊர்ப்பெயர்களை எப்படி உச்சரிப்பான் என்பதையெல்லாம் இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யாவிட்டால், அத்தியாயம் மாறும்போது ஆளே மாறிவிட்டது போலக் கேட்பவருக்குத் தோன்றும். ஆகவே முகம் தெரியாத இருவர் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்வதற்குத் தொழிலிலேயே வலுவான காரணம் இருக்கிறது. அவளுடைய காதல் வசனத்தை அவன் தன் குரலிலும், அவனுடையதை அவள் தன் குரலிலும் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. காதல் கதைக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

வேலையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு மணி நேர ஒலிநூலுக்கு ஏறத்தாழ 9,300 சொற்கள் என்பது தொழிலில் உள்ள கணக்கு. எனவே 90,000 சொற்கள் கொண்ட நாவல் பத்து மணி நேரத்தை நெருங்கும். மைக் முன் செலவாகும் நேரம் எளிதாக இதைப்போல் இருமடங்கு ஆகிவிடும். தவறினால் சில நொடிகள் பின்னே சென்று, தன் குரலைத் தானே கேட்டபடி அதே மூச்சில் தொடர வேண்டும். இதைப் பஞ்ச் அண்ட் ரோல் என்பார்கள். ஏசி ஓசை ஆகாது, சரசரக்கும் துணி ஆகாது. வயிறு இரையும் ஓசைகூட மைக்கில் விழுந்துவிடும். வாய் உலர்ந்து எச்சில் சத்தம் கேட்கத் தொடங்கினால், பச்சை ஆப்பிள் துண்டு ஒன்றைக் கடித்துவிட்டு மீண்டும் தொடங்குவார்கள். நாள் முழுவதும் அந்தச் சிறிய அறையில் தனியாக இருக்கிற ஒருத்திக்கு, தன் வேலையை அறிந்த ஒருவரிடமிருந்து வரும் ஒரு செய்தி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை இந்த ஆசிரியை நன்றாக உணர்ந்து எழுதியிருக்கிறார்.

தென்றல்வாசல்:

ஒலிக்கூடம் சொன்னதோடு பண விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குரல் கலைஞருக்கு வழக்கமாக, முடிந்த ஒலிநூலின் நீளத்தைக் கணக்கிட்டு மணிக்கு இவ்வளவு என்று ஒருமுறை ஊதியம் தருகிறார்கள். நூல் லட்சக்கணக்கில் விற்றாலும் பெரும்பாலும் அவர்களுக்கு ராயல்டி கிடையாது. நூலாசிரியர்களையும் குரல் கலைஞர்களையும் இணைக்க 2011-இல் தொடங்கிய ஏசிஎக்ஸ் என்ற இணையதளத்தில் ராயல்டியைப் பகிர்ந்துகொள்ளும் வழி உண்டு என்றாலும், நூல் விற்காவிட்டால் உழைப்பு வீண்தான். சுவானி தன் முடிவை மாற்றிக்கொள்வது பாட்டியின் பராமரிப்புச் செலவுக்காக. அந்த நெருக்கடி எனக்குச் செயற்கையாகத் தோன்றவில்லை.

நாவலில் காதல் கதைகளை வாசிப்பவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். குழந்தைகள் நூலும் வரலாற்று நூலும் வாசிக்கிற கலைஞர்கள், படுக்கையறைக் காட்சிகள் நிறைந்த காதல் நாவல்களுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். வீலன் இவற்றையெல்லாம் விசாரித்து எழுதியவர் அல்லர். டாரா வெஸ்டோவரின் தன்வரலாற்று நூலான எஜுகேட்டட் முதலாக எத்தனையோ நூல்களுக்குக் குரல் கொடுத்த முன்னணிக் கலைஞர்.

கடலோரம்:

எனக்குச் சிறு மாற்றுக் கருத்து உண்டு. தொழில் பற்றிய பகுதிகள் சிறப்பானவை என்பதை ஏற்கிறேன். ஆனால் யார் யார் என்ற முடிச்சு அவிழும் விதம், காதல் நாவல்களை நிறையப் படித்தவர்களுக்குப் பாதியிலேயே தெரிந்துவிடும். அதைவிட, நினைவு தப்பிக்கொண்டிருக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே நிகழ்பவையே என் மனத்தில் நின்றன. காதலில் எதையும் மறைத்துப் பேசும் சுவானி, பாட்டி முன்னால் மட்டும் எதையும் மறைப்பதில்லை.

நிலாமுற்றம், நீங்கள் அச்சில் படித்திருந்தால் ஒலிநூலையும் கேளுங்கள். இரு குரல் வாசிப்பைப் பற்றிய இந்த நாவலை, ஆண் பாத்திரங்கள் உட்பட, வீலன் ஒருவரே வாசித்திருக்கிறார். இரண்டு பேரை வைத்திருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். கேட்ட பிறகு அவர் முடிவே சரி என்று பட்டது. முழுக்கதையும் சுவானியைச் சுற்றியே நகர்கிறது. ப்ராக்கின் செய்திகளை அவள் தன் மனத்துக்குள் எப்படிக் கேட்கிறாளோ அப்படியே நாமும் கேட்கிறோம். வேறோர் ஆண் குரல் நடுவில் வந்திருந்தால் அந்த மர்மம் அங்கேயே போயிருக்கும்.

நிலாமுற்றம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே நாயகன் இரண்டு வாய்களிலிருந்து பேச வேண்டும் என்ற விளக்கத்துக்குப் பிறகு, எனக்கு நீளமாகத் தோன்றிய செய்திப் பரிமாற்றங்களின் தேவை இப்போது புரிகிறது. கடலோரம் சொன்னபடி ஒலிநூலைக் கேட்கிறேன். டூயட் முறையில் நன்றாகத் தொகுக்கப்பட்ட காதல் நாவல் ஏதேனும் இருந்தால், ஒலிக்கூடம், நேரம் வாய்க்கும்போது ஒன்று சொல்லுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.