மறு: மறு: 'மோட்' என்பதற்குத் தமிழ்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கொக்குவிலிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை விம் வகுப்பு (விம் என்பது கணினியில் உரை எழுதித் திருத்தும் செயலி). கையேடு வெள்ளி அச்சுக்குப் போகவேணும். விம்மில் ஒரே விசை ஒரு மோடில் எழுத்தாக விழும், இன்னொன்றில் கட்டளையாகும்; அதனால் 'மோட்' என்ற சொல்லைத் தவிர்த்து ஒரு பக்கமும் எழுத முடியவில்லை. விம்மைத் திறந்ததும் பெடியள் பெயரைத் தட்டுகிறார்கள். 'கவிதா' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் 'கே' கட்டளையாகிவிடும், எழுத்தாக விழாது; 'ஏ' செருகும் மோடுக்குக் கொண்டுபோய்விடும், திரையில் 'விதா' மட்டும் நிற்கும். கணிதப் புத்தகத்தில் 'மோட்'டுக்கு இருக்கும் 'ஆகாரம்' வேண்டாம், சாப்பாட்டு நேரமோ என்று கேட்பார்கள்.

பருத்தித்துறையிலிருந்து:
'முறைமை' பணிசெயல் முறைமைக்கு ('ஒப்பரேட்டிங் சிஸ்டம்') போய்விட்டது. 'பயன்முறை' தமிழ்நாட்டார் புழங்குவது, நீளம். என் வாக்கு 'பாங்கு'.

நல்லூரிலிருந்து:
பாங்கு என்றால் பள்ளிவாசல் தொழுகை அழைப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். 'திணை' இருக்க ஏன் அலைகிறீர்கள்? திணை என்றால் ஒழுக்கம். ஒரே விசை, திணைக்குத் திணை வேறு ஒழுக்கம். மோட் மாறித் தட்டுவது திணை மயக்கம். தொல்காப்பியர் திணை மயங்குவதை விலக்கவில்லை, நிலம் மயங்குவதைத்தான் மறுத்தார். கோப்பை நிலமாகக் கொண்டால் முதல், கரு, உரி மூன்றும் பொருந்துகின்றன. விரிவாக நாளை எழுதுகிறேன்.

மானிப்பாயிலிருந்து:
ஐயா, நாளை வேண்டாம். பெடியளுக்குத் திணை என்றால் உயர்திணை, அஃறிணைதான். 'நிலை' போதும். தொடக்கத்தில் வருவதை 'இயல்பு நிலை' என்னாமல் 'ஏவல் நிலை' என்னலாம்; அங்கே தட்டுவதெல்லாம் ஏவல்தானே. 'டி' அழி, 'டபிள்யூ' சொல்; 'டி2டபிள்யூ' தட்டினால் இரண்டு சொல் போய்விடும்.

பருத்தித்துறையிலிருந்து:
நிலை 'ஸ்டேட்'டுக்கு வேண்டுமே? அதுசரி, செருகும் மோடிலிருந்து வெளியேற அடிக்கும் எஸ்கேப் விசை ஏன் அந்த மூலையில்?

மானிப்பாயிலிருந்து:
விம்முக்கு முன்னோடியான விஐ செயலியை எழுதிய பில் ஜாயிடம் இருந்தது ஏடிஎம்-3ஏ முனையம். அதில் எஸ்கேப் இன்றைய டாப் விசையின் இடத்தில் இருந்தது, விரலுக்குப் பக்கம். கையேட்டில் இன்னொன்றும் போடுங்கள்: தமிழ் விசைப்பலகையை மாற்றாமல் எஸ்கேப் அடித்து, வரியை அழிக்கும் 'டிடி' தட்டினால் வரி அழியாது. விம்முக்குப் போவது தமிழ் எழுத்து. என்ன பெயர் வைத்தாலும் முதல் கேள்வி இதுதான் வரும்.

கொக்குவிலிலிருந்து:
சரி. நேரமில்லை, 'நிலை' என்றே அனுப்புகிறேன்: ஏவல் நிலை, செருகு நிலை, தெரிவு நிலை. எல்லோருக்கும் நன்றி.

நல்லூரிலிருந்து:
என் மறுப்பு நிற்கிறது. திணை மயக்கத்தை அடிக்குறிப்பிலாவது போடுங்கள். அப்புறம், 'செருகுநிலை' வினைத்தொகை, பிரித்து அச்சடிக்காதீர்கள்.